ஸ்கேன் நம்மிடம், ஆபரேஷன் எல்லைக்கு அந்தப் பக்கம்: ரிப்போர்ட் சரியா தப்பா என்று யார் சொல்வார்கள்?

குழித்துறைக்காரன்

வயிற்று ஸ்கேன் பார்ப்பவர்களுக்கான கேள்வி. மற்றவர்களும் தாராளமாகப் பேசலாம்.

நான் இருப்பது மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு நடுத்தர மருத்துவமனையில். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், முந்திரி ஆலைப் பெண்கள், தூத்தூர் பக்கத்துக் கடல் தொழிலாளிகள் என்று எல்லாரும் வருவார்கள். சாதாரணக் கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும். கொஞ்சம் சிக்கல் என்றால் பிலிமையும் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் போய்விடுவார்கள். மதுரையைவிட அது பக்கம். மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் ஆம்புலன்ஸ் போகும் திசை மாறவில்லை.

'கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி போலத் தெரிகிறது' என்று எழுதி அனுப்புகிறோம். அங்கே திறந்து பார்த்தார்களா, பயாப்சியில் என்ன வந்தது, கட்டியா வெறும் வீக்கமா, எதுவும் திரும்பி வருவதில்லை. நாம் எழுதியது சரி என்றாலும் தெரியாது, தப்பு என்றாலும் தெரியாது. அடுத்த கணையத்தை அதே கண்ணோடுதான் பார்க்கிறோம்.

இப்போது ஆஸ்பத்திரி தர அங்கீகாரத்துக்குப் போகிறது. மாதா மாதம் ரிப்போர்ட்டுகளில் ஒரு பங்கை இன்னொரு டாக்டர் மறுபடி பார்த்து மார்க் போட வேண்டுமாம். இங்கே ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் இருவர்தான், நானும் இன்னொருவரும். அவர் என்னுடையதைப் பார்த்து 'உடன்பாடு' என்று எழுதுவார், நான் அவருடையதைப் பார்த்து அதையே எழுதுவேன். பக்கத்துப் பக்கத்து நாற்காலி, மதியச் சாப்பாடும் ஒன்றாக. வேறென்ன எழுதுவோம்? கோப்பு மட்டும் தடித்துக்கொண்டே போகிறது.

எல்லையோர ஊர்க்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அந்தப் பக்கத்திலிருந்து தகவலைத் திரும்ப வாங்க யாராவது வழி கண்டதுண்டா?

வேலந்தாவளம்

எங்களுக்கும் இதே கதைதான், திசை மட்டும் எதிர். கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆட்கள் கோயம்புத்தூருக்குப் போய்விடுவார்கள். நான் வீட்டிலிருந்தே இரவில் பல ஊர் சிடி ஸ்கேன்களைப் பார்க்கிறவன். எனக்கு நோயாளியின் முகமும் தெரியாது, முடிவும் தெரியாது.

மார்க் போடும் முறை பற்றி. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி 2002-இல் தொடங்கிய ராட்பியர் திட்டத்தைப் பார்த்துத்தான் பல இடங்களில் இது வந்தது. முதலில் நான்கு படி இருந்தது, 2016-இல் மூன்றாக்கினார்கள். 1 என்றால் உடன்பாடு. 2 என்றால் தவறியிருக்கிறது, ஆனால் தவறியதற்கு நியாயம் உண்டு. 3 என்றால் பெரும்பாலும் பிடித்திருக்க வேண்டியது. அங்கேயும் 1 தான் குவிந்தது. கூட வேலை செய்கிறவருக்கு 3 போட யாருக்கு மனசு வரும்?

ஆனால் தவறுகள் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஹென்றி கார்லண்ட் 1949-லேயே இதைப் போட்டு உடைத்தார். நோய் இருந்த மார்பு எக்ஸ்ரேக்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அனுபவசாலிகளே தவறவிட்டார்கள். நாள்தோறும் வரும் எல்லா ஸ்கேன்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 3 முதல் 5 சதவீதம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். இரண்டும் முரண் இல்லை. தினமும் வருவதில் பெரும்பாலானவை நார்மல். நார்மலை நார்மல் என்று சொல்வதில் பெரிதாக என்ன தவறப்போகிறது?

அதனால்தான் குலுக்கலில் எடுத்துப் பார்ப்பது வீண் வேலை என்கிறேன். ஆபரேஷன் ஆன கேஸ், பயாப்சி ஆன கேஸ், இரண்டாவது ஸ்கேனில் ரிப்போர்ட் மாறின கேஸ், சர்ஜன் கோபமாகப் போன் செய்த கேஸ், இவற்றை மட்டும் எடுங்கள். மார்க்கே வேண்டாம். மேல்நாடுகளிலும் இப்போது மார்க்கை விட்டுவிட்டுக் கூடிக் கற்பது என்ற பக்கம்தான் நகர்கிறார்கள்.

நாகர்கோவில் கத்தி

ஓய்வுபெற்ற சர்ஜன். நீங்கள் எல்லாரும் உங்களுக்குள்ளே மார்க் போட்டுக்கொள்கிறீர்கள். ரிப்போர்ட்டைப் படிக்கிற என்னிடம் ஒருவராவது கேட்டதுண்டா?

கேட்காமலே சொல்கிறேன். குடல்வால் அழற்சி என்று சந்தேகப்பட்டு அல்ட்ராசவுண்டுக்கு அனுப்புகிறேன். 'குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை' என்று வருகிறது. குடல்வாலைப் பார்த்தீர்களா, பார்த்து அது நன்றாக இருந்ததா, அல்லது வாயுவில் தெரியவே இல்லையா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்றில் நான் வீட்டுக்கு அனுப்புவேன், இன்னொன்றில் ராத்திரி முழுக்க வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். புய்லார்ட் 1986-இல் மெல்ல மெல்ல அழுத்திப் பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினால் அமுங்காமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்த அளவை ரிப்போர்ட்டில் எழுத ஒரு வரி போதும்.

குடல் அடைப்பும் அப்படித்தான். 'குடல் விரிந்துள்ளது' என்பது எனக்கு எக்ஸ்ரேயிலேயே தெரியும். எந்த இடத்தில் அடைபட்டது, ரத்த ஓட்டம் நின்றுவிட்டதா, தொடை மடிப்பில் ஹெர்னியா உண்டா? வயதான ஒல்லியான அம்மாக்களுக்கு ஃபெமரல் ஹெர்னியா சிறியதாக ஒளிந்துகொண்டிருக்கும். சிடியின் கடைசிப் படங்களில்தான் இருக்கும். அதற்குள் உங்களுக்கு அடுத்த கேஸ் வந்திருக்கும்.

கடைசியாக, 'கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்.' பொருத்திப் பார்க்காமல் நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறேன்?

குழித்துறைக்காரன்

சார், குடல்வால் விஷயத்தில் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். 'பார்த்தேன், நன்றாக உள்ளது', 'பார்த்தேன், வீங்கியுள்ளது', 'தெரியவில்லை, சுற்றிலும் அழற்சிக்கான அறிகுறி இல்லை', 'தெரியவில்லை, ஆனால் சுற்றிலும் கொழுப்பு கலங்கியுள்ளது.' இந்த நான்கில் ஒன்றைக் கட்டாயம் தேர்ந்தெடுக்கும்படி டெம்ப்ளேட்டையே மாற்றிவிடலாம்.

பதிலுக்கு ஒன்று கேட்கலாமா? நீங்கள் ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் என்ன எழுதி வருகிறது? 'வயிற்று வலி.' எந்தப் பக்கம், எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, முன்பு ஆபரேஷன் ஆனதா, ஒன்றும் கிடையாது. பித்தப்பையை எடுத்துவிட்ட ஆளுக்குப் பித்தப்பையைத் தேடி ப்ரோபைத் தேய்த்துக்கொண்டிருப்போம். தழும்பைப் பார்த்துத்தான் நாங்களே கதையை ஊகிக்கிறோம்.

நாகர்கோவில் கத்தி

சரி தம்பி, அது எங்கள் குற்றம்தான். சீட்டு எழுதுவது பயிற்சி டாக்டர், கையெழுத்து மட்டும் நம்முடையது.

செங்கோட்டை டெக்

வணக்கம். நான் சிடி டெக்னீசியன். டாக்டர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஆனால் ரிப்போர்ட்டின் தரம் ரிப்போர்ட் எழுதும்போது தொடங்குவதில்லை.

கணையம் பார்க்க வேண்டும் என்று யாரும் எங்களிடம் சொல்லாவிட்டால் வழக்கமான வயிற்று சிடிதான் எடுப்போம். படத்தில் பளிச்சிட வைக்கும் மருந்தை ரத்தத்தில் ஏற்றி 65, 70 விநாடியில் ஒரு சுற்று. கணையக் கட்டிக்கு அது மட்டும் போதாது, 40, 45 விநாடியில் ஒரு சுற்று தனியாக வேண்டும். அப்போதுதான் நல்ல கணையம் பளிச்சென்று தெரியும், கட்டி மங்கலாக நிற்கும். கல்லீரல் கட்டிக்கும் நேரம் தப்பினால் போயிற்று. புறங்கையில் மெல்லிய ஊசி போட்டுவிட்டு விநாடிக்கு 4 மில்லி ஏற்று என்றால் எப்படி ஏற்றுவது? முழங்கை மடிப்பில் பச்சை அல்லது பிங்க் கானுலா (தடித்த ஊசிக்குழல்) வேண்டும். வார்டிலிருந்து நீலம் போட்டு அனுப்புவார்கள். மாற்றிப் போடச் சொன்னால் 'அங்கே எடுத்தார்களே' என்பார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில இடங்களில் கல் பார்க்க வருகிறவருக்கும் மருந்தில்லாமல் ஒன்று, மருந்தோடு மூன்று என்று எல்லாச் சுற்றும் எடுத்துவிடுகிறார்கள். சிறுநீரகக் கல்லுக்கு மருந்தில்லாமல், குறைந்த கதிர்வீச்சில் சிடி ஒன்று போதும். ஒரு வயிற்று சிடி ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. ஒவ்வொரு சுற்றும் கூடக் கூட அதுவும் கூடிக்கொண்டே போகும்.

முக்கியமானது. நாங்கள் எடுத்த சிடி போதவில்லை என்று அந்தப் பக்கம் திரும்ப எடுத்தார்களா என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஆரியங்காவு தாண்டிப் போன பிலிமைப் பற்றி இதுவரை யாரும் வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குழித்துறைக்காரன்

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணே. இந்த இழையில் உருப்படியான பதிவு இதுதான். 'அந்தப் பக்கம் மறுபடி எடுத்தார்களா' என்பதை நான் யோசித்ததே இல்லை. அது தனியாக ஒரு அளவுகோல். ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு சிடி என்றால் எங்கோ ஒரு இடத்தில் நேரமோ முறையோ தப்பியிருக்கிறது, அல்லது நம் ஸ்கேன் பதிந்த தகடு அவர்கள் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. பின்னதுதான் அதிகம் என்று என் சந்தேகம்.

கதிர்வீச்சு பற்றிப் பேசினால் இங்கே மணவாளக்குறிச்சி ஆட்கள் சிரிப்பார்கள். இயல்பிலேயே கதிர்வீச்சுள்ள மோனசைட் மணலில் பிறந்து வளர்ந்தவர்களிடம் மில்லிசீவர்ட் கணக்குச் சொன்னால் 'நாங்க பாக்காத கதிரா' என்பார்கள். கேரளத்தில் இதே மணல் உள்ள கருநாகப்பள்ளியில் நடந்த நீண்ட ஆய்வில் அந்த மண்ணால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் அது ஆண்டு முழுதும் மெல்லச் சேர்வது. அதைச் சாக்காக வைத்துத் தேவையில்லாத மூன்றாவது சுற்றை எடுக்க முடியாது.

பத்மநாபபுரம்

நான் 'அந்தப் பக்கம்'. திருவனந்தபுரத்தில் இரைப்பைக் குடல் மருத்துவன், சொந்த ஊர் தக்கலைப் பக்கம். உங்கள் பிலிம்கள் வந்து சேரும் மேசை எங்களுடையது என்பதால் சில விஷயங்கள்.

கணையத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் இது நம் மண்ணின் நோய். கால்சியம் படியும் வெப்பமண்டலக் கணைய அழற்சி. 1950-களில் இந்தோனேசியாவில் ஜுய்டெமா எழுதினார். 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைத் திரட்டிக் காட்டிய பிறகுதான் உலகம் கவனித்தது. சிறு வயதில் வயிற்று வலி, பிறகு சர்க்கரை, மெலிவு. ஸ்கேனில் முதன்மைக் குழாயில் பெரிய பெரிய கற்கள், குழாய் விரிந்து, சுற்றியுள்ள கணையம் சுருங்கி. குடியால் வரும் கணைய அழற்சியில் பெரும்பாலும் பொடிப்பொடியாகக் கல் சிதறிக் கிடக்கும், இதில் பெரிய கல்லாக உட்கார்ந்திருக்கும். வெறும் எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்பின் குறுக்கே வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு.

கல் அவ்வளவு பளிச்சென்று தெரிவதுதான் ஆபத்து. பார்க்கிறவருக்கு விடை கிடைத்துவிட்ட நிம்மதி. 'நாட்பட்ட கணைய அழற்சி, கற்களுடன்' என்று எழுதி முடித்துவிடுவார். இந்த நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். கல்லுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு கட்டி உட்கார்ந்திருந்தால் அதைக் கண் தாண்டிப் போய்விடும். தேடியது கிடைத்ததும் தேடல் நின்றுபோவது பற்றி டடன்ஹாம் 1962-லேயே எழுதினார். கிம், மேன்ஸ்ஃபீல்ட் இருவரும் 2014-இல் தவறுகளை வகைபிரித்தபோது இது மட்டும் 22 சதவீதம். அதைவிட அதிகம், 42 சதவீதம், படத்தில் இருந்தும் கண்ணில் படாமல் போனவை. யோசித்துத் தப்பாக முடிவுக்கு வந்தவை 9 சதவீதம்தான். அறிவு போதாமல் தவறுவதைவிடப் பார்க்காமல் தவறுவதுதான் நிறைய.

வலி தன்மை மாறியிருக்கிறதா, எடை திடீரென்று குறைந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, இவற்றைச் சீட்டில் எழுத வேண்டியது எங்கள் வேலை. எழுதியிருந்தால் நீங்கள் கல்லைத் தாண்டிப் பார்ப்பீர்கள். கணையக் கட்டிகளில் பத்தில் ஒன்று போலச் சுற்றியுள்ள கணையத்தின் நிறத்திலேயே இருந்து ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே பித்தக்குழாயும் கணையக்குழாயும் ஒருசேர விரிந்திருப்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

தகவல் திரும்பாதது பற்றி: எங்களுக்கு அனுப்ப மனமில்லாமல் இல்லை. யாருக்கு அனுப்புவது? உங்கள் ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்து கிறுக்கலாக இருக்கும், ஆஸ்பத்திரியின் பொது நம்பர் இருக்கும். அந்த நம்பரில் கூப்பிட்டால் டோக்கன் வேண்டுமா என்று கேட்பார்கள். ரேடியாலஜி அறைக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் நம்பரைப் போட்டு, 'ஆபரேஷன் அல்லது பயாப்சி முடிவைத் தெரிவித்தால் நன்றி' என்று ஒரு வரி அச்சிடுங்கள். எங்கள் பிஜி (முதுநிலை படிக்கும்) பிள்ளைகளிடம் நான் சொல்லிவைக்கிறேன். எல்லாரும் அனுப்பமாட்டார்கள், சிலர் அனுப்புவார்கள்.

வேலந்தாவளம்

பெயரோடு படத்தை வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் சேர்த்துச் சொல்லுங்கள் சார். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று. ஸ்கேன் எண் மட்டும் போதும், அதை வைத்து நாங்கள் தேடிக்கொள்வோம்.

கம்பம் மெட்டு

நான் கொஞ்சம் தாமதம். கம்பத்தில் ஸ்கேன் பார்க்கிறேன். வண்டிப்பெரியாறு, பீருமேடு எஸ்டேட் தமிழர்கள் குமுளி இறங்கி எங்களிடம் வருவார்கள். பெரிய சிகிச்சை என்றால் சிலர் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கும், சிலர் கோட்டயத்துக்கும் போவார்கள். ஆக எங்களுக்கு இரண்டு திசையிலும் தொலைகிறது.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு நீளமான கணக்கு நோட்டு. எல்லா ஸ்கேனையும் அதில் ஏற்றுவதில்லை, ஏற்றினால் ஒரு வாரத்தில் நின்றுபோகும். குடல்வால், குடல் அடைப்பு, பித்தப்பை அழற்சி, கல்லீரல் கட்டி, கணையக் கட்டி. அப்புறம், குடல் காசநோயா கிரோன் நோயா (குடலில் வரும் நாட்பட்ட அழற்சி) என்று தீராமல் போனவை. இவை மட்டும். நாங்கள் என்ன சொன்னோம் என்று ஒரு கட்டம், கடைசியில் என்ன ஆனது என்று பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். ரிசப்ஷனில் இருக்கிற பொண்ணு மாதம் ஒருமுறை உட்கார்ந்து காலிக் கட்டங்களுக்குப் போன் போடும்.

அந்த நோட்டு எங்களைவிட நோயாளிகளால்தான் நிறைகிறது. நம் ஆட்கள் எந்தக் காகிதத்தையும் எறியமாட்டார்கள். அடுத்த முறை வேறு எதற்காவது வரும்போது மஞ்சப்பையில் பழைய எக்ஸ்ரே முதல் கோட்டயம் டிஸ்சார்ஜ் சம்மரி வரை எல்லாம் இருக்கும். முன்பு 'தேவையில்லம்மா, உள்ளே வைங்க' என்று சொல்லிவிடுவோம். இப்போது போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். குடல் காசநோய் என்று மருந்து ஆரம்பித்த இடத்தில் என்ன ஆனது என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. அங்கே பயாப்சியே பலமுறை கைவிரித்துவிடும், மருந்துக்கு அடங்கியதா என்று மாதங்கள் கழித்துப் பார்த்தால்தான் உண்டு.

வேலந்தாவளம்

மேடம், அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. திரும்பி வருகிறவர்கள் யார்? பிழைத்தவர்கள், உங்கள் மேல் நம்பிக்கை உள்ளவர்கள். உங்கள் ரிப்போர்ட் தப்பு என்று அந்தப் பக்கத்தில் சொல்லப்பட்டவர் உங்கள் படி ஏறமாட்டார். இறந்தவர் வரவே மாட்டார். மஞ்சப்பையை நம்பினால் நாம் எப்போதும் கெட்டிக்காரர்களாகவே தெரிவோம்.

கம்பம் மெட்டு

நியாயமான கேள்வி. அதற்குத்தான் போன். நோட்டில் ஏறியவர் வந்தாலும் வராவிட்டாலும் கூப்பிடுவது என்று வைத்திருக்கிறோம். இறந்துவிட்டார் என்று சொன்னால் அந்தப் பொண்ணு என்னிடம் போனைக் கொடுத்துவிடும். அது கஷ்டமான வேலைதான், ஆனால் பெரும்பாலும் வீட்டார் பேசத்தான் விரும்புகிறார்கள். 'அவரை யாரும் இதுவரை விசாரிக்கலை டாக்டர்' என்று சொன்னவர்கள் உண்டு.

இன்னொன்று. முடிவு தெரிந்த பிறகு பழைய ஸ்கேனைப் பார்த்தால் எல்லாமே கண்ணில் அடித்தாற்போலத் தெரியும். 'இதைக்கூடப் பார்க்கலையா' என்று தோன்றும். அதனால் மாதக் கூட்டத்தில் முதலில் விடையைச் சொல்லாமல் படத்தை மட்டும் போடுகிறோம். நடுவே இரண்டு நார்மலையும் கலந்துவிடுவோம். அங்கே உட்கார்ந்திருக்கிற நான்கு பேரில் மூன்று பேருக்கு அந்தக் கட்டி தெரியவில்லை என்றால் பேச்சு வேறு மாதிரிப் போகும். சுற்று தப்பியதா, விண்டோ (படத்தின் வெளிச்ச அமைப்பு) மாற்றாமல் பார்த்தோமா, குறுக்குப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு நெடுக்குப் படங்களை விட்டோமா என்று.

மரச்சீனிக்கிழங்கு

டாக்டர்மாரே, நான் வெறும் வாசகன். வேர்க்கிளம்பிக்காரன், மரச்சீனியும் (மரவள்ளி) மீனும் தின்று வளர்ந்தவன். கணையத்தில் கல் வருவது மரச்சீனியால்தான் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன், உண்மையா? எனக்குப் போன மாதம் ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருக்கிறது. பயப்படணுமா?

கூடவே ஒன்று. என் அம்மைக்கு இந்தப் பக்கம் ஸ்கேன் எடுத்து அந்தப் பக்கம் ஆபரேஷன் செய்தோம். முடிவை வந்து சொல்லுங்கள் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ் ஏறி வந்து கொடுத்திருப்பேன். நீங்கள் எல்லாம் இதற்கு இவ்வளவு யோசிக்கிறீர்கள் என்றே தெரியாது. உங்களுக்கு எல்லாம் தெரியும், அதனால் கேட்கவில்லை என்றல்லவா நாங்கள் நினைத்தோம்.

பத்மநாபபுரம்

மரச்சீனிச் சந்தேகம் பழையது. அதிலுள்ள சயனைடு சார்ந்த பொருளால் வருகிறது என்று முன்பு நம்பினார்கள். ஆனால் மரச்சீனியே தின்னாதவர்களுக்கும் வருகிறது, அதையே முக்கிய உணவாகத் தின்னும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெரிதாக இல்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது என்று பிற்பாடு தெரிந்தது. நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துச் சாப்பிடுங்கள். நானும் சாப்பிடுகிறேன்.

ஃபேட்டி லிவர்: கிரேடு 1 என்ற வார்த்தையை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கொழுப்பு குறைவாக இருந்தால் அல்ட்ராசவுண்டில் சரியாகப் பிடிபடாது. லேசான மினுமினுப்பைப் பார்த்து ஒருவர் கிரேடு 1 என்பார், இன்னொருவர் நார்மல் என்பார். கேட்க வேண்டிய கேள்வி கல்லீரலில் வடு விழுந்திருக்கிறதா என்பது. உங்கள் வயது, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் எண்ணிக்கை நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

நாகர்கோவில் கத்தி

அந்த மனிதர் சொன்னதைக் கவனித்தீர்களா? பேக்ஸ் (ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பு), ஆபா எண் (அரசின் சுகாதார அடையாள எண்), சாஃப்ட்வேர் என்று கொஞ்ச நேரத்தில் இந்த இழை அங்கேதான் போயிருக்கும். ஆட்களிடம் கேட்டாலே காகிதம் வரும்.

எனக்கு இன்னொரு சங்கடம். நோட்டில் தப்பு தெரியவருகிறது. சிகிச்சை மாறவேண்டிய தப்பு. அப்போது என்ன செய்வீர்கள், கூட்டத்தில் படம் போட்டுவிட்டுக் கலைந்துவிடுவீர்களா?

வேலந்தாவளம்

இதுதான் பலரும் தயங்கும் இடம். 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து, தப்பை எழுதிவைத்தால் அதுவே நமக்கு எதிராக வரும் என்ற பயம் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. நிர்வாகம் 'எதையும் எழுதாதீங்க' என்றுதான் சொல்லும்.

கம்பம் மெட்டு

இரண்டையும் குழப்பாமல் பிரித்துவிடுகிறோம். கற்றுக்கொள்வதற்கான நோட்டில் டாக்டர் பெயரும் இருக்காது, நோயாளி பெயரும் இருக்காது. ஆனால் நோயாளிக்கு இன்றைக்கும் பயன்படக்கூடிய திருத்தம் என்றால் அது நோட்டு விஷயமே இல்லை. அன்றைக்கே ரிப்போர்ட்டில் திருத்தக் குறிப்பு போட்டு, அனுப்பிய டாக்டருக்குப் போன் செய்து, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று ரிப்போர்ட்டிலேயே எழுத வேண்டும். குடல் கிழிந்து காற்று வெளியே வந்திருந்தால் உடனே கூப்பிடுகிறோம் இல்லையா, இதுவும் அதே வரிசைதான். மறைத்துவைத்துப் பிறகு வெளிவந்தால்தான் கோர்ட்டில் நிற்க முடியாது.

நாகர்கோவில் கத்தி

சரியம்மா. இதைக் கேட்கத்தான் கேட்டேன்.

குழித்துறைக்காரன்

நேற்று எங்கள் இருவரோடு டெக்னீசியன்களையும் உட்காரவைத்துப் பேசினோம். மார்க் கோப்பு அங்கீகாரத்துக்காக ஓடட்டும், அதோடு சண்டை போடுவதில் பயனில்லை. தனியாக ஒரு நோட்டு. தொடக்கத்தில் மூன்று வகை போதும் என்று முடிவு: குடல்வால், குடல் அடைப்பு, கணையம். 'அந்தப் பக்கம் மறுபடி சிடி எடுத்தார்களா' என்று செங்கோட்டை அண்ணன் சொன்னதற்கு ஒரு கட்டம். ரிப்போர்ட் உறையின் மேல் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி: 'சிகிச்சை முடிந்ததும் டிஸ்சார்ஜ் காகிதத்தை இங்கே ஒருமுறை காட்டவும், கட்டணம் இல்லை.' கட்டணம் இல்லை என்பதைக் கட்டாயம் போடச் சொன்னது ரிசப்ஷன் சேச்சி. இல்லாவிட்டால் இன்னொரு ஸ்கேனுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார்களாம்.

ஒரு சிக்கல் முளைத்துவிட்டது. பழைய பதிவுகளில் போன் நம்பர்களைப் பார்த்தால் பாதி மகன்களுடையது. மகன் சவுதியிலோ மஸ்கட்டிலோ இருக்கிறான். கம்பம் மேடம், எஸ்டேட்டில் இந்தத் தொல்லை இருக்காது, இருந்தாலும் கேட்கிறேன்.

கம்பம் மெட்டு

எங்களுக்கும் உண்டு, வெளிநாட்டுக்குப் பதில் திருப்பூர். மகனிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அப்பாவே அவனிடம் சொல்லாமல் வைத்திருக்கலாம். 'வீட்டில் இருக்கிறவர்கள் நம்பர் வேண்டும், ஸ்கேன் சென்டரிலிருந்து பேசுகிறோம், பயப்பட ஒன்றுமில்லை' என்று மட்டும். கடைசி இரண்டு வார்த்தையை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

மரச்சீனிக்கிழங்கு

சவுதி நம்பர் என்றால் வெள்ளிக்கிழமை கூப்பிடுங்கள் டாக்டர், லீவு. மற்ற நாளில் எடுக்கமாட்டார்கள். சாயங்காலம் நம்ம நேரம் ஐந்து மணிக்குப் பிறகு என்றால் தூங்கி எழுந்திருப்பார்கள்.